கன்சோலும் கணிப்பொறியும்

விளையாட்டைக் குறித்து எழுதுதற்கு மாணாக்கர் நாணவேண்டுவதில்லை. உவகை என்னும் மெய்ப்பாட்டிற்கு நிலைக்களன் நான்கென வகுத்த தொல்காப்பியனார், செல்வம் முதலியவற்றோடு விளையாட்டையும் ஒன்றாக வைத்தெண்ணினார். சிற்றிலும் சிறுபறையும் சிறுதேரும் பிள்ளைத்தமிழில் தனித்தனிப் பருவங்களாகவே அமைந்தன. ஆதலின், தமிழ்ச் சிறப்பு வகுப்பில் இருந்துகொண்டு, இலக்கணக் கட்டுரையொன்று தாராமல் கன்சோலைப் பற்றி எழுதப் புகுந்தமைக்கு ஆசிரியப் பெருமக்கள் எம்மை முனியார் என்றே நம்புகின்றோம். முனியினும், விடுமுறை முழுதும் எம்மைத் தொடர்ந்து வந்த கேள்வியை விடுத்து வேறொன்று எழுத எமக்கு மனம் செல்லவில்லை.

அக்கேள்வி யாதெனின்: வீட்டில் ஐம்பதினாயிரம் ரூபாய் சேர்ந்திருக்கின்றது, தொலைக்காட்சியோடு இணைத்து ஆடும் கன்சோல் வாங்குவதா, கணிப்பொறி வாங்குவதா? இராசபாளையத்தில் நண்பர் ஒருவர் இல்லத்தில் இவ்வழக்கு எழுந்தது. அடுத்த வாரமே, பன்னிரண்டு கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஸ்ரீவில்லிபுத்தூரில் வேறோர் இல்லத்திலும் ஏறக்குறைய அதே சொற்களில் அது நடக்கக் கேட்டோம். இவ்வூர்களை அறியாத அன்பர் பொருட்டு ஒன்று கூறுவோம். இராசபாளையம் நூற்பாலைகளால் வாழும் ஊர். அதன் அயலதாகிய சத்திரப்பட்டி, காயத்திற்குக் கட்டும் மருத்துவத் துணியை நெய்யும் ஊர். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலாலும், 2019இல் புவிசார் குறியீடு பெற்ற பால்கோவாவாலும் பெயர்பெற்றது. இத்தகைய ஊர்களில் ஐம்பதினாயிரம் ரூபாய் என்பது தீபாவளிப் போனஸும், தாயார் மாதந்தோறும் கட்டிவந்த சீட்டுப் பணமும், பண்டிகைக்கு எடுக்காமல் விட்ட துணியும் சேர்ந்து ஆவதொரு தொகை. ஒருமுறை செலவிட்டால் மறுமுறை சேர்தற்கு ஆண்டுகள் செல்லும். சென்னையிலோ பெங்களூரிலோ செல்வர் மனையில் ‘இரண்டையும் வாங்குக’ என்று முடிந்துபோகும் வழக்கு, எம்மூர்களில் ஒன்றைப் பெற்று மற்றொன்றை இழக்கும் வழக்காகின்றது.

இக்காலத்துக் கன்சோல்கள் மூன்று நிறுவனங்களின் ஆக்கம். சோனியின் பிளேஸ்டேஷன் 5, மைக்ரோசாப்ட்டின் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ், சீரிஸ் எஸ் ஆகியவை 2020 நவம்பரில் உலகச் சந்தைக்கு வந்தன. எக்ஸ்பாக்ஸ் அப்பொழுதே இந்தியாவிலும் விற்பனைக்கு வர, பிளேஸ்டேஷனோ 2021 பிப்ரவரி 2ஆம் நாள் 49,990 ரூபாய்க்கு வந்தது. மூன்றாவதாகிய நிண்டெண்டோவின் சுவிட்ச் 2017இலும், அதன் வழித்தோன்றலாகிய சுவிட்ச் 2 என்பது 2025 ஜூனிலும் வெளிவந்தன. ஆயின் அந்நிறுவனம் தானே நேரில் இந்நாட்டில் கடை விரித்ததில்லை. வெளிநாட்டிலிருந்து வருவோர் கொணர்வதும், இறக்குமதி செய்வோர் தம் விருப்பப்படி விலை வைத்து விற்பதுமே இங்கு வழக்கம். பழுதுற்றால் உத்தரவாதம் சொல்வார் இலர். ஆகவே நிண்டெண்டோவை இவ்வாராய்ச்சியினின்றும் விலக்கி, ஏனையவற்றையே கருதுகின்றோம்.

முதற்கண் கன்சோலுக்குரிய பெருமையை மறையாது கூறிவிடுவோம். ஆட்டம் ஒன்றே கருத்தாயின், அவ்விலைக்குக் கன்சோலே வெல்லும். ஐம்பதினாயிரம் ரூபாய்க்குள் அமையும் கணிப்பொறி, பிளேஸ்டேஷன் 5 காட்டும் காட்சியின் தெளிவையும் விரைவையும் எட்டமாட்டாது. இதற்குக் காரணம் மாயமன்று. கன்சோலைச் செய்வோர் பெட்டியை விற்றுப் பொருளீட்டக் கருதுவதில்லை. முதலில் அடக்கவிலைக்கும் குறைவாகவே விற்றுப் பின் ஆட்டங்களின் விற்பனையிலும் சந்தாவிலும் மீட்டுக்கொள்வர். பிளேஸ்டேஷன் 5 தொடக்கத்தில் நட்டத்திற்கே விற்கப்பட்டது என்பதும், 2021 நடுவில்தான் வட்டியக்கி உள்ள வடிவு அந்நட்டத்தினின்றும் நீங்கியது என்பதும் அந்நிறுவனமே கூறியவை. மேலும், பெட்டிகள் யாவும் ஒரே அமைப்புடையனவாகலின், ஆட்டத்தைச் செய்வோர் அதன் வலியளவை முன்னரே அறிந்து அதற்கேற்பச் செய்கின்றனர். கணிப்பொறியிலோ ஒருவர் பொறிபோல் மற்றொருவர் பொறி இருப்பதில்லை. ஓடுமா ஓடாதா என்று பார்ப்பதே ஒரு பொழுதுபோக்கு ஆகிவிடுகின்றது. ஆட்டத்தை வாங்கி, நிறுவி, பிழைச்செய்தி கண்டு, மன்றாடி, ஈற்றில் ஆடாமலே உறங்கச் சென்ற இரவுகள் கணிப்பொறி உடையார் யாவர்க்கும் உண்டு.

நிற்க. பெட்டியின் விலையோடு செலவு ஒழிந்ததா? சோனி தானே வெளியிடும் புதிய ஆட்டங்கள் பல 4,999 ரூபாய்க்கு இந்நாட்டில் விற்கப்பட்டன. பத்து ஆட்டம் வாங்கினால் 49,990 ரூபாய். அஃதாவது, பெட்டி முதன்முதலில் விற்ற அதே விலை. இக்கணக்கை நண்பர் தந்தையார்க்குக் காட்டியபொழுது அவர் சிறிதுநேரம் பேசவில்லை. இதனோடு, பிறரோடு இணையவழி கூடி ஆடுதற்குக் கன்சோலில் பெரும்பாலான ஆட்டங்கட்குச் சந்தா கட்டல் வேண்டும். கணிப்பொறியில் அத்தகைய வாயிற்காவற் கூலி இல்லை. கணிப்பொறி ஆட்டங்களின் பெருஞ்சந்தையாகிய ஸ்டீம் பத்தாண்டுகளாக ரூபாய்க் கணக்கிலேயே விலை வைக்கின்றது. அங்கு ஆண்டில் சிலமுறை நிகழும் தள்ளுபடியில், சில ஆண்டுகட்குமுன் வெளிவந்த நல்லாட்டங்கள் ஒருவேளைச் சாப்பாட்டு விலைக்குக் கிடைப்பதுண்டு. கன்சோலிலும் தள்ளுபடி உண்டு, மறுக்கவில்லை. ஆயினும் அங்கு இணையக் கடை ஒன்றே. அதன் உரிமையாளர் வைத்ததே விலை.

‘இரண்டாண்டு பொறுத்தால் கன்சோல் விலை இறங்கும்’ என்பது முன்னோர் அநுபவம். இத்தலைமுறையில் அது பொய்த்தது. பிளேஸ்டேஷன் 5இன் விலை 2022 இறுதியில் இந்தியாவில் ஐயாயிரம் ரூபாய் ஏறியது. 2024 ஏப்ரலில் வந்த மெலிந்த வடிவும் 54,990 ரூபாய்க்கே வந்தது. அமெரிக்காவிலும் 2025இல் இரு நிறுவனங்களும் விலையை உயர்த்தின. கணிப்பொறிப் பக்கமும் நிலைமை செவ்விதன்று. செயற்கை நுண்ணறிவுக்கென எழும் பெருங்கூடங்கள் நினைவகச் சில்லுகளை வாரிக்கொள்ளவே, 2025 இறுதியில் அவற்றின் விலை கிடுகிடுவென ஏறிற்று. பொறுத்திருந்து வாங்குவோர்க்கு இருபுறத்தும் ஆதாயம் இல்லையாயிற்று.

‘கன்சோலில் மட்டுமே ஆடக்கூடிய ஆட்டங்கள் உளவே’ என்பது அடுத்து எழும் தடை. அது வலிமையுடையதாய் இருந்த காலம் உண்டு. சோனி தன் பெட்டிக்கே உரியவையாக வைத்திருந்த ஹொரைசன் ஜீரோ டான் 2020இலும், காட் ஆப் வார் 2022இலும், கோஸ்ட் ஆப் சுஷிமா 2024இலும் கணிப்பொறிக்கு வந்துவிட்டன. மைக்ரோசாப்ட்டோ தான் வெளியிடுபவற்றை ஒரே நாளில் இரண்டிற்கும் தருகின்றது. பொறுமையுடையார்க்கு இத்தடை தானே கரைந்துபோகும். பொறுமை இல்லார்க்கு யாம் கூறத்தக்கது ஒன்றுமில்லை.

இனி, நூல்களிலும் விமரிசனங்களிலும் காணக்கிடையாத எம்மூர்ச் செய்திகள் சில. முதலாவது பஞ்சு. ஆலையும் தறியும் உள்ள தெருக்களில் பஞ்சுத்தூசு காற்றோடு காற்றாய்த் திரியும். உள்ளே விசிறி சுழலும் எப்பொறியும் அதனை உண்ணும். பிளேஸ்டேஷன் 5இன் பக்கத் தகட்டைக் கழற்றினால் தூசு தங்கும் துளைகள் தெரியும், அவற்றை உறிஞ்சித் தூய்மை செய்யலாம், செய்தார் அறிவுடையர். ஆயின் அதற்கப்பால் உள்ளே புகுதல் எளிதன்று. வெப்பம் கடத்துதற்கு அதன் மூளைச் சில்லின்மேல் திரவ உலோகம் இட்டிருக்கின்றனர். கைபழகாதார் திறந்து அது வழிந்தால் பொறி முழுதும் கெடும். கணிப்பொறியையோ எம்மூர்ப் பழுதுபார்ப்போர் மரப்பெட்டி திறப்பதுபோல் திறந்து, தூசு ஊதி, நினைவகம் கூட்டி, பழைய வட்டை மாற்றிப் புதியது பொருத்தி மாலைக்குள் தந்துவிடுவர். யாம் வினவிய கடைக்காரர் ஒருவர், “தம்பி, கம்ப்யூட்டர் எதுவானாலும் கொண்டு வாங்க, இந்தப் பெட்டியை மட்டும் நான் திறக்க மாட்டேன்” என்று கைகூப்பிவிட்டார். தன் அறியாமையை இவ்வளவு நேர்மையாகக் கூறிய வணிகரை யாம் கண்டதில்லை.

இரண்டாவது மின்சாரம். பழைய நாளைய நீண்ட மின்வெட்டு இப்பொழுது இல்லை. ஆயினும், துணைமின்நிலையப் பராமரிப்பு என்று காலை தொடங்கிப் பிற்பகல் வரை மின்சாரம் நிற்கும் நாள்கள் உள. கோடை மழையில் மலையடிவார ஊர்கட்கு நேரும் திடீர்த் தடைகளும் உள. பெரிய ஆட்டம் ஓடுங்கால் பிளேஸ்டேஷன் 5 ஏறக்குறைய 200 வாட் மின்சாரம் கொள்ளும்; தொலைக்காட்சி அதற்குப் புறம்பு. விசிறிக்கும் விளக்கிற்கும் வைத்த சிறிய இன்வெர்ட்டர் அதனை நெடுநேரம் தாங்காது. பாதி எழுதிய கோப்போடு அது அணைந்தால் ஆடியதும் போகும். மடிக்கணினியோ தன் மின்கலத்தைத் தன்னுள்ளேயே உடையது.

இவையெல்லாம் சிறு காரணங்கள். எம் தீர்ப்பைப் பெரிதும் உருவாக்கியது வேறொன்று. வீட்டில் ஆடுவார் மட்டும் வாழ்வதில்லை.

யாம் கூறிய இராசபாளையத்து இல்லத்தில் அண்ணனும் தங்கையும் இருவர். கன்சோல் கேட்டவன் அண்ணன். தங்கை ஒன்றும் கேட்கவில்லை. கேட்பாள் என்று ஒருவரும் எதிர்பார்க்கவும் இல்லை. அவள் பன்னிரண்டாம் வகுப்பு. தமிழ்நாட்டுப் பொறியியற் சேர்க்கைக் கலந்தாய்வு 2018 முதல் இணையவழி நடக்கின்றது. எக்கல்லூரி, எப்பிரிவு என்று நூற்றுக்கணக்கான விருப்பங்களை வரிசைப்படுத்திக் குறித்த நாளுக்குள் பதிதல் வேண்டும். கைப்பேசியின் சிறுதிரையில் அப்பட்டியலை வரிசைப்படுத்திப் பார்த்தவர்க்கே அதன் துன்பம் தெரியும். எஞ்சுவது பிரவுசிங் சென்டர். அங்கு மணிக்கு இவ்வளவு எனக் கட்டணம். பின்னால் காத்திருப்போர் முணுமுணுப்பு. கடைக்காரர் தாமே விரைந்து தட்டி, ‘போதும்மா’ என்று முடித்து அச்சிட்டுத் தரும் தாள். நாலாண்டுப் படிப்பும் அதற்குப் பின்வரும் வாழ்வும் அந்த அரைமணியில் முடிவாகின்றன. உதவித்தொகை விண்ணப்பம், அரசுத் தேர்வாணைய விண்ணப்பம், சான்றிதழ் வேண்டல் என எல்லாம் அவ்வாறே. கணிப்பொறி வீட்டில் இருந்தால், இரவு உண்டபின் தந்தையும் தாயும் உடனிருக்க, பட்டியலை மூன்று நாள் முன்னும் பின்னும் மாற்றிப் பார்க்கலாம்.

கன்சோல் வாங்கினால் அது யாருடையதாகும்? பெயரளவில் குடும்பத்தினது, நடைமுறையில் ஆண்மக்களது. கூடத்துத் தொலைக்காட்சியை அது கைப்பற்றிக்கொள்ளும். தாயார் தொடரும் பாட்டியார் செய்தியும் அதன் ஓய்வுக்குக் காத்திருக்கும். பெண்மக்கள் ஆடார் என்பது எம் கருத்தன்று. ஆடுவார் பலர், நன்றாகவும் ஆடுவர். ஆயினும் எம்மூர் இல்லங்களில் கைப்பிடி யார் கையில் முதலிற் சென்று யார் கையில் கடைசிவரை தங்கும் என்பதை யாம் கண்ணாரக் கண்டுள்ளோம். கணிப்பொறி அவ்வாறன்று. வேலை ஒன்றைக் காட்டி ‘எனக்கு வேண்டும்’ என்று தங்கை கேட்க முடிகின்றது. கேட்டால் அண்ணன் எழுந்திருக்கவேண்டியிருக்கின்றது.

இதனை எம் மாநில அரசு ஒருவாறு உணர்ந்திருந்தது போலும். 2006இல் இலவசத் தொலைக்காட்சியும் 2011இல் பள்ளி கல்லூரி மாணாக்கர்க்கு இலவச மடிக்கணினியும் வழங்கத் தொடங்கின இரு வேறு அரசுகள். தொலைக்காட்சி வந்தபின் எம் தெருக்களில் அதனோடு கேசட்டுச் செருகி ஆடும் மலிவான பெட்டிகள் பெருகின. சில ஆண்டில் கைப்பிடி உடைந்து பரணேறின. மடிக்கணினி ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒப்ப வந்தது. அதில் ரோடு ராஷும் வைஸ் சிட்டியும் ஆடாத மாணவர் அரியர் என்பதை ஒப்புகின்றோம். ஆயினும் அதே பொறியில் எம் அக்காமார் திட்டக் கட்டுரை தட்டினர், கணக்கெழுதக் கற்றனர், வேலைக்கு விண்ணப்பித்தனர். விண்டோஸ் 10இற்கு அளித்துவந்த பேணுகை 2025 அக்டோபர் 14ஆம் நாள் நின்றபின்னும், அப்பழம்பொறிகளுள் உயிரோடிருப்பவற்றில் லினக்ஸ் நிறுவி ஓட்டுவாரை யாம் அறிவோம். 2025–26ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில், இரண்டாண்டுகளில் 20 இலட்சம் கல்லூரி மாணாக்கர்க்கு மடிக்கணினியோ கைக்கணினியோ வழங்கப்படும் என மாநில அரசு அறிவித்தது. அவ்வாறு ஒன்று ஒரு வீட்டிற்கு வந்துவிட்டதாயின், சேர்த்த பணத்தின் வழக்கு வேறு வடிவு கொள்ளும் என்பதையும் நேர்மையின் பொருட்டுக் கூறுகின்றோம்.

தமிழ் மாணாக்கராகிய எமக்கு மற்றொரு காரணமும் உண்டு. 1999இல் வரையறுத்த தமிழ்99 விசைப்பலகையில் தட்டிப் பழகிய கை, கன்சோலின் முன் வாளா கிடக்கின்றது. கன்சோல் நுகர்தற்கு ஏற்றது, ஆக்குதற்கு அன்று. 2023 ஜூலையில் ‘வெண்பா’ என்றே பெயரிய ஆட்டமொன்று வெளிவந்தது. கனடாவின் டொரான்டோ நகரத்து விசை கேம்ஸ் செய்தது. 1980களின் இறுதியில் தமிழ்நாட்டினின்றும் கனடா சென்று வாழும் வெண்பா என்னும் பெண், தன் தாயின் கிழிந்த சமையற் குறிப்பேட்டைத் துணைக்கொண்டு சமைப்பதும், மகன் தமிழினின்றும் விலகிச் செல்வதைக் காண்பதுமே அதன் கதை. துப்பாக்கி இல்லை, இட்டலித் தட்டு உண்டு. 2024இல் தனியார் ஆட்டங்கட்கான ஐ.ஜி.எப். பெருவிழாவின் தலைமைப் பரிசையும், முதற்படைப்புக்கான பிரிட்டிஷ் பாப்டா பரிசையும் அது பெற்றது. அது கன்சோலுக்கும் கிடைத்தது, கணிப்பொறிக்கும் கிடைத்தது. ஆகவே ஆடுவோர்க்கு வேற்றுமை இல்லை. ஆனால் அத்தகைய ஒன்றை இராசபாளையத்தில் ஒருவர் செய்ய விரும்பினால்? கன்சோலில் ஓடும் ஆட்டமும் கணிப்பொறியிலேயே எழுதப்படுகின்றது. கோடோ என்னும் ஆக்கக்கருவி 2014 முதல் யார்க்கும் இலவசமாய்த் திறந்துள்ளது. அதனை நிறுவுதற்கு ஒருவர் இசைவும் வேண்டா. கன்சோலில் தன் ஆட்டத்தை வெளியிட நிறுவனத்தின் வாயிலில் நின்று இசைவு பெறல் வேண்டும்.

இவ்வளவும் கூறியபின், ‘உடைமை’ என்னும் சொல்லைப் பற்றிச் சிறிது பேசாமல் முடியாது. கன்சோல் ‘வாங்கி வைத்துக்கொள்ளத்’ தக்கதா என்பதன்றோ வினா? இங்குக் கணிப்பொறிப் பக்கத்தாராகிய எமக்குச் சற்றே தலைகுனிவு உண்டு. ஆட்டத்தை வட்டில் வாங்கியவன் அதனை நண்பனுக்கு இரவல் தரலாம், அலுத்தால் பாதிவிலைக்கு விற்கலாம், புத்தகம்போல் கைமாறலாம். ஸ்டீமில் வாங்கியதைத் தெருவில் விற்க முடியாது. அங்கு வாங்குவது பொருளன்று, பயன்கொள்ளும் உரிமமே என்று 2024 அக்டோபர் முதல் அக்கடையே எழுதிக் காட்டுகின்றது. ஆக, வட்டுடைய கன்சோலே உடைமைக்கு நெருங்கியது. ஆயின் கன்சோல் செய்வோர் அச்சிறப்பைத் தாமே அழித்து வருகின்றனர். எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ் வட்டு இடமில்லாத பெட்டி. பிளேஸ்டேஷனிலும் பத்தாயிரம் குறைத்து வட்டில்லாத வடிவு விற்றனர். அப்பத்தாயிரத்தை மிச்சமென்று எண்ணி வாங்கினவர் இரவலையும் மறுவிற்பனையையும் விற்றுவிட்டார். சுவிட்ச் 2இற்கு வரும் அட்டைகள் சிலவற்றில் ஆட்டமே இல்லை. திறவுகோல் மட்டும் உண்டு, ஆட்டத்தை இணையத்தினின்றும் இறக்கல் வேண்டும்.

யூபிசாப்ட்டின் ‘தி க்ரூ’ என்னும் ஊர்தி ஆட்டம் 2014இல் வந்தது. நிறுவனத்தின் வழங்கியோடு இணையாமல் அது ஓடாது. 2024 மார்ச்சு 31ஆம் நாள் வழங்கியை நிறுத்தினர். பணம் கொடுத்து வட்டாகவே வாங்கி வைத்திருந்தவர்க்கும் அது வெறும் நெகிழித் தகடாயிற்று. கன்சோல் உடையார், கணிப்பொறி உடையார் என்ற வேறுபாடு அங்கு இல்லை. அதுபற்றி ஐரோப்பாவில் எழுந்த முறையீட்டில் பத்து இலட்சத்திற்கு மேற்பட்டோர் ஒப்பமிட்டனர். நாச்சியார் திருமொழியில், மணலில் தாம் இழைத்த சிற்றிலைச் சிதைக்கவேண்டா என்று சிறுமியர் கண்ணனை வேண்டும் பதிகம் ஒன்று உண்டு. அது பிறந்த ஊராகிய ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்து இச்செய்தியைப் படித்தபொழுது, அச்சிறுமியர்க்குச் சிதைப்பவன் முகமாவது எதிரே தெரிந்தது என்று எண்ணிக்கொண்டோம். கணிப்பொறிக்கு இதில் ஓர் ஆறுதல் மட்டும் உண்டு. போலந்து நாட்டு ஜி.ஓ.ஜி. என்னும் கடை 2008 முதல் பூட்டில்லாத ஆட்டங்களை விற்கின்றது. இறக்கிய கோப்பைத் தனி வட்டில் வைத்துக்கொண்டால் கடை மூடினும் ஆட்டம் நிற்கும்.

பெற்றோர் சிலர் வேறொன்று அஞ்சுகின்றனர்: கணிப்பொறி வீட்டிற்குள் வந்தால் சூதும் பிற தீமையும் உடன்வருமே, கன்சோல் ஆட்டத்தோடு நிற்குமே என்பது. அத்தீமைக்குக் கைப்பேசியே போதியது. அது முன்னரே வீட்டிற்குள் வந்துவிட்டது. பணம் வைத்தாடும் இணைய ஆட்டங்களை 2025 ஆகஸ்டில் நடுவண் அரசு சட்டத்தால் தடுத்ததும் கைப்பேசி செய்த கேட்டைக் கண்டேயாகும். கணிப்பொறியைக் கூடத்தில் வைத்தால் அவ்வச்சம் பெரிதும் நீங்கும்.

ஆகவே ஒரு வீட்டிற்கு ஒரு பொறி என்றால் அது கணிப்பொறியாகவே இருத்தல் வேண்டும் என்பது எம் துணிபு. ஐம்பதினாயிரத்திற்கு நல்ல மடிக்கணினி வாங்குக. அதில் ஓடும் ஆட்டங்களை ஆடுக. காட்சி சற்றே மங்கும், ஆட்டம் மங்காது.

அற்றேல் கன்சோல் யார்க்கும் வேண்டாவோ எனின், வேண்டும், தனியொருவர்க்கன்று, பலர்க்கு. நகரங்களில் மணிக்கு இவ்வளவு என வாங்கிக்கொண்டு கன்சோல் ஆடவிடும் கடைகள் உள. அவை ஓரளவு உண்மையைக் கண்டுகொண்டன. கன்சோலின் குணங்கள் யாவும் பொதுவிடத்திற்கே பொருந்துவன. வைத்த இடத்தில் இருப்பது, யார் வந்தாலும் உடனே ஆடத்தருவது, ஒரே திரையில் இருவரையும் நால்வரையும் ஒருங்கமர்த்துவது, வட்டாயின் கைமாறுவது. 2021இன் தலைசிறந்த ஆட்டமெனப் பரிசு பெற்ற ‘இட் டேக்ஸ் டூ’ என்பதைத் தனித்து ஆடவே முடியாது, இருவர் வேண்டும். கால்பந்தும் கிரிக்கெட்டும் பக்கத்தில் தோற்பவன் அமர்ந்திருந்தாலன்றிச் சுவைப்பதில்லை.

எம் விடுதியின் பொது அறையில் கேரம் பலகை ஒன்றும் தொலைக்காட்சி ஒன்றும் உள. 54,990 ரூபாய்க்கு வட்டியக்கி உள்ள பெட்டியும், 5,990 ரூபாய்க்கு இன்னொரு கைப்பிடியும் என்று 2024ஆம் ஆண்டு விலையிற் கணக்கிட்டால் 60,980 ரூபாய் ஆகின்றது. விடுதியில் நூறு பேர் ஆளுக்கு 610 ரூபாய் இட்டால் இருபது ரூபாய் மிஞ்சும். வட்டுகளை நூலகப் புத்தகம்போல் ஏட்டில் எழுதிக் கொடுக்கலாம். தோற்றவன் எழுந்து அடுத்தவனுக்கு இடம் தருதல் என்ற கேரம் பலகையின் பழைய விதியே இதற்கும் போதும். கைப்பிடிகள் விடுதிக் காப்பாளர் அறையில் இருக்கட்டும். தேர்வு மாதத்தில் அவர் அவற்றைத் தரமாட்டார் என்பதை அறிந்தே இதனை எழுதுகின்றோம்.